வீரப்பனை எந்தக் கணக்கில் வைப்பது?

சந்தனக் கடத்தல் வீரப்பனை வீரனாக நினைவில் வைக்க வேண்டுமா, வில்லனாகவா என்பது கேள்வி. சுற்றி வளைக்காமல் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வில்லன்தான். இப்படிச் சொன்ன மறுநிமிடமே "அப்போ போலீஸ் செய்ததெல்லாம் சரியா?" என்று ஒரு குரல் வரும். சரியில்லை. அதுவும் குற்றம்தான், சில இடங்களில் இவர் செய்ததைவிடக் கேவலமான குற்றம். இந்த விவாதம் இத்தனை வருடம் முட்டுச்சந்தில் நிற்பதற்குக் காரணமே, ஒருவர் செய்த பாவத்தை இன்னொருவர் கணக்கில் புண்ணியமாக வரவு வைப்பதுதான். அவரைப் பிடிக்க அமைத்த அதிரடிப்படையின் அட்டூழியத்தைக் காட்டி வீரப்பனுக்கு வெள்ளையடிக்கிறார்கள். வீரப்பன் செய்த கொலைகளைக் காட்டி அதிரடிப்படைக்கு வெள்ளையடிக்கிறார்கள். அடி வாங்கியது என்னவோ இரண்டு பக்கமும் ஒரே ஊர்க்காரர்கள்.

முதலில் அந்த இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். வீரப்பன் 1952-ல் பிறந்த கோபிநத்தம், கர்நாடக எல்லைக்குள் இருக்கும் தமிழ் பேசும் ஊர். இந்தப் பக்கம் மேட்டூர், அந்தப் பக்கம் மாதேஸ்வரன் மலை, நடுவில் காவிரியும் பாலாறும். தெற்கே பர்கூர், தாளவாடி, சத்தியமங்கலம் வரை ஒரே காடு. ஒரு மாநிலப் போலீஸ் துரத்தினால் ஆற்றைத் தாண்டி அடுத்த மாநிலத்துக்குள் போய்விடலாம். விவசாயம் மழையை நம்பியது, வேறு வேலை கிடையாது. காட்டுக்குள் இரண்டு பொருள் இருந்தன: சந்தனம், தந்தம்.

சந்தனத்தின் சட்டக் கதை விசித்திரமானது. திப்பு சுல்தான் காலத்திலேயே மைசூர்ப் பகுதியில் அது அரசுக்குரிய மரம். அந்த ஏற்பாட்டைப் பிரிட்டிஷ்காரர்களும் விடவில்லை, சுதந்திர இந்தியாவும் விடவில்லை. உங்கள் சொந்த நிலத்தில் தானாக முளைத்து வளர்ந்தாலும் அது உங்கள் மரம் இல்லை. கர்நாடகம் 2001-லும் தமிழ்நாடு 2002-லும்தான் சட்டத்தைத் திருத்தி, நிலத்துக்காரருக்கே மரம் சொந்தம் என்றன. வீரப்பன் மரம் வெட்டிய காலம் முழுக்க, காட்டோரத்துக் குடியானவனுக்குச் சந்தன மரம் என்றால் வில்லங்கம். வளர்த்தால் லாபமில்லை, காணாமல் போனால் விசாரணை. காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்கும், கூலிக்கு வெட்டப் போவதற்கும் இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. வீரப்பனை உருவாக்கியதில் இந்தச் சட்டத்துக்கும் பங்கு உண்டு என்று நான் தயங்காமல் சொல்வேன்.

ஆனால் சட்டம் கெட்டது என்பதால் கடத்தல்காரன் நல்லவனாகிவிட மாட்டான். வீரப்பன் முதலில் யானை வேட்டைக்காரர். ஆசிய யானையில் தந்தம் ஆணுக்கு மட்டும்தான் என்பதால், வேட்டை நடந்த காடுகளில் கொம்பன்கள் குறைந்து, ஆண் பெண் விகிதமே குலைந்துபோனது. 1986-ல் ஒருமுறை பிடிபட்டுத் தப்பினார். அதன்பிறகு வனத்துறை ஆட்களின் சாவு ஆரம்பிக்கிறது.

அதில் ஒரு சாவை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பி. சீனிவாஸ் என்று ஒரு வனத்துறை அதிகாரி. ராஜமுந்திரிக்காரர், கர்நாடகத்தில் பணி. வீரப்பனைப் பிடிக்க அனுப்பப்பட்டவர். துப்பாக்கியோடு ஊரை வளைப்பதைவிட ஊரைத் தன் பக்கம் இழுப்பது மேல் என்று நினைத்தார். கோபிநத்தத்திலேயே தங்கினார். மருந்து கொடுக்க ஏற்பாடு செய்தார், குடிதண்ணீருக்கு வழி செய்தார், மாரியம்மன் கோயில் கட்ட முன்னின்றார். கும்பலில் இருந்த சிலரைச் சரணடையவும் வைத்தார். வீரப்பனின் சொந்த ஊரில், அவருடைய சொந்தக்காரர்களுக்கு நடுவில், இந்த வேலை பலித்துக்கொண்டிருந்தது. வீரப்பனுக்கு உண்மையான ஆபத்து இந்த மனிதர்தான். 1991 நவம்பர் 10-ஆம் தேதி, வீரப்பன் சரணடையத் தயார், ஆயுதம் இல்லாமல் வாருங்கள் என்று சேதி வந்தது. நம்பிப் போனார். சுட்டுக் கொன்று தலையை வெட்டி எடுத்துப் போனார்கள். அந்தத் தலை கிடைக்கச் சில வருடங்கள் ஆயின. அரசு அவருக்குக் கீர்த்தி சக்ரா கொடுத்தது. கோபிநத்தத்து மாரியம்மன் கோயிலில் அவர் படம் இருக்கிறது.

வீரப்பனை வீரன் என்று வாதாடுகிறவர்கள் இந்த ஒரு கொலையைத் தாண்டி எப்படிப் போகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எதிரே நின்று சண்டை போட்ட கதை அல்ல இது. பேச்சுவார்த்தைக்கு என்று கூப்பிட்டு, வெறுங்கையோடு வந்தவரைக் கொன்ற கதை. பழைய தமிழ்க் கதைப்பாட்டில் எந்தக் கொள்ளைக்காரன் இதைச் செய்திருந்தாலும் பாட்டுக் கட்டியவன் அவனை நாயகன் ஸ்தானத்திலிருந்து இறக்கியிருப்பான்.

கொள்ளைக்காரர்களை மக்கள் கொண்டாடுவது புதிதல்ல. காயங்குளம் கொச்சுண்ணி திருவனந்தபுரம் சிறையில் செத்தார். கேரளம் இன்றும் அவரை நல்லவராகத்தான் நினைக்கிறது. இலங்கையில் சரதியேலை 1864-ல் கண்டியில் தூக்கிலிட்டார்கள். அவரும் ஏழைக்கு இறங்கியவர் என்றே பெயர். நம் பக்கம் ஜம்புலிங்கம், மலையூர் மம்பட்டியான். இந்தக் கதைகளில் எவ்வளவு நிஜம் என்பது வேறு விஷயம். ஆனால் கதைக்கு ஓர் இலக்கணம் உண்டு: பணக்காரனிடம் பிடுங்க வேண்டும், இல்லாதவனுக்குக் கொடுக்க வேண்டும், சொந்த சனத்தின் மேல் கை வைக்கக் கூடாது. வீரப்பனை இந்த அளவுகோலில் வைத்தால் மூன்றிலும் நிற்க மாட்டார். அவர் பிடுங்கியது காட்டிடம். காசு போனது கும்பலுக்கும் வியாபாரிக்கும். கூலிக்கு மரம் வெட்டியவர்களுக்கு அன்றாடக் கூலி கிடைத்தது, அவ்வளவே. மூன்றாவது விஷயத்தில்தான் பெரிய ஓட்டை. கொல்லப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் பெரிய பண்ணையார் யார், மில் முதலாளி யார்? வனக் காவலர், வாட்சர், ஏட்டு, கான்ஸ்டபிள், உதவி ஆய்வாளர், அப்புறம் "ஆள்காட்டி" என்று சந்தேகிக்கப்பட்ட ஊர்க்காரர்கள்.

பாலாறு குண்டுவெடிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 1993 ஏப்ரல் 9. தேடுதல் வேட்டைக்குப் போன தமிழ்நாடு போலீஸ் குழுவின் வண்டி கண்ணிவெடியில் சிக்கியது. 22 பேர் செத்தார்கள். போலீஸைச் சிதறடித்த வீரச்செயல் என்றுதான் இதைச் சொல்வார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் போலீஸ்காரர்களே இல்லை. தகவல் சொல்லவும் வழிகாட்டவும் கூட்டிப் போன உள்ளூர் ஆட்கள், வனத்துறை வாட்சர்கள். இந்தப் பக்கம் போலீஸ் "வா, வழி காட்டு" என்று இழுக்கிறது. போனால் வீரப்பன் கொல்வார், போகாவிட்டால் போலீஸ் உதைக்கும்.

சரி, அவர் தமிழருக்காகக் குரல் கொடுத்தாரே என்பது அடுத்த வாதம். 2000 ஜூலை 30 அன்று தாளவாடிப் பக்கம் தொட்ட காஜனூரில் தன் பண்ணை வீட்டில் இருந்த கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்தினார். 108 நாள் காட்டில் வைத்திருந்து நவம்பர் 15-ல் விட்டார். கோரிக்கைப் பட்டியலில் காவிரி இருந்தது, கர்நாடகத்தில் தமிழுக்கு ஆட்சிமொழித் தகுதி இருந்தது, பெங்களூரில் மூடிக்கிடந்த வள்ளுவர் சிலையைத் திறப்பது இருந்தது, அதிரடிப்படையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடும் இருந்தது. கோரிக்கைகளில் பல நியாயமானவை. அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த 108 நாளும் பெங்களூரில் இருந்த லட்சக்கணக்கான தமிழர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1991 காவிரிக் கலவரத்தில் அடிபட்டவர்கள் அவர்கள். ராஜ்குமாருக்கு ஏதாவது ஆகியிருந்தால் அதன் விலையைக் கட்டியிருக்கப் போவது காட்டில் இருந்தவர் அல்ல. வள்ளுவர் சிலை கடைசியில் 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இரண்டு முதலமைச்சர்கள் உட்கார்ந்து பேசி, பதிலுக்கு சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞருக்குச் சிலை வைத்து முடித்த காரியம் அது. வீரப்பன் செத்து ஐந்து வருடம் ஆகியிருந்தது.

அதே கடத்தலில் அதிகம் பேசப்படாத ஒருவர் உண்டு. வீரப்பன் கேட்டபடி, மைசூர்ச் சிறையில் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்ட வழக்கில் இருந்தவர்களை விட்டுவிட இரண்டு அரசுகளும் தயாராகிவிட்டன. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர், 1992-ல் பதுங்கியிருந்து சுட்டதில் இறந்த உதவி ஆய்வாளர் ஷகீல் அகமதின் வயதான தந்தை. நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. வழக்கை இப்படிப் பேரம் பேசி வாபஸ் வாங்க முடியாது என்றது. நடிகரின் உயிருக்கும் நாட்டின் அமைதிக்கும் நடுவில், செத்த பிள்ளைக்காக ஒரு தகப்பன் தனியாகக் கோர்ட் ஏறியிருக்கிறார். அந்தச் சிறையில் நிரபராதிகளும் நிறையப் பேர் இருந்தார்கள் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். அதற்கு வருகிறேன்.

அதற்கு முன்னால், "வீரப்பன் இருந்தவரை காடு பத்திரமாக இருந்தது" என்ற பேச்சு. இதற்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். அவர் இறந்தபிறகுதான் சத்தியமங்கலம் 2008-ல் சரணாலயமும் 2013-ல் புலிகள் காப்பகமும் ஆனது. புலிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கியதற்காகச் சர்வதேச விருதும் அந்தக் காட்டுக்குக் கிடைத்தது. யானையைச் சுட்டவர் காட்டுக்குக் காவல் என்றால், யானைக்கு யார் பதில் சொல்வது?

மனிதராக அவர் முழுக்க அரக்கன் என்றும் நான் சொல்ல மாட்டேன். 1997-ல் பந்திப்பூர்ப் பக்கம் கடத்தப்பட்டு இரண்டு வாரம் அவரோடு இருந்த வன உயிர் ஒளிப்படக்காரர்கள் கிருபாகர், சேனானி சொன்னதைப் பார்த்தால் பேச்சுப் பிரியரான, வெளியுலகத்தைப் பற்றி வினோதக் கற்பனைகள் உள்ள, சில சமயம் வேடிக்கையான ஓர் ஆள் தெரிகிறார். காட்டை அவர் அளவுக்கு அறிந்தவர்கள் குறைவு. இருக்கட்டும். திறமைக்கும் பண்புக்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை.

இப்போது மற்றொரு கணக்கு. இதைச் சொல்லாமல் வில்லன் என்று முடித்தால் அது பாதி உண்மை.

அவரைப் பிடிக்க இரண்டு மாநிலங்களும் அமைத்த அதிரடிப்படைகள் ஊர் ஊராக ஆட்களை அள்ளின. மாதேஸ்வரன் மலை முகாமில் சித்திரவதை நடந்த அறைக்கு "ஒர்க்‌ஷாப்" என்றே பெயர். காதிலும் விரலிலும் கிளிப் மாட்டி மின்சாரம் பாய்ச்சியதாக ஆண்களும் பெண்களும் பிறகு சாட்சி சொன்னார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் 1999-ல் நீதிபதி சதாசிவா தலைமையில் ஒரு குழு அமைத்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் தடாவில் வருடக்கணக்காக மைசூரில் அடைந்து கிடந்தார்கள். 2001-ல் தீர்ப்பு வந்தபோது பெரும்பாலோர் குற்றமற்றவர்கள் என்று வெளியே வந்தார்கள். போன இளமை திரும்பவில்லை. ஆயுள் தண்டனை பெற்ற நால்வர் அப்பீலுக்குப் போன இடத்தில், உச்ச நீதிமன்றம் 2004-ல் அதைத் தூக்குத் தண்டனையாக ஏற்றியது. கருணை மனு ஒன்பது வருடம் கிடப்பில் கிடந்து தள்ளுபடியானது. 2014 ஜனவரியில் அதே நீதிமன்றம், இவ்வளவு தாமதித்ததே கொடுமை என்று தூக்கை ரத்து செய்தது.

பணக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. 2004-ல் வீரப்பன் கொல்லப்பட்டதும் தமிழ்நாடு அரசு அதிரடிப்படையினர் ஒவ்வொருவருக்கும் 3 லட்சம் ரூபாய், வீட்டுமனை, ஒரு படி பதவி உயர்வு என்று அறிவித்தது. அதிரடிப்படையால் பாதிக்கப்பட்டவர்களில் 89 பேருக்கு மொத்தம் 2.80 கோடி ரூபாய் நிவாரணம் கொடுக்க மனித உரிமை ஆணையம் சொன்னது 2007-ல். வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். கரண்ட் பாய்ச்சிய துறைக்கும் பாய்ச்சப்பட்ட உடம்புக்கும் ஏறக்குறைய ஒரே தொகை. பின்னவர்களுக்கு மனையும் இல்லை, பதவி உயர்வும் இல்லை.

வாச்சாத்தியையும் இங்கே சேர்க்க வேண்டும். தர்மபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்து மலைவாழ் மக்களின் ஊர் அது. வீரப்பன் கும்பலோடு அதற்குச் சம்பந்தமில்லை. 1992 ஜூன் 20-ல் சந்தனக்கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஊருக்குள் நுழைந்தன. வீடுகளை நொறுக்கினார்கள், கிணற்றைக் கெடுத்தார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தீர்ப்பு வரும் முன் 54 பேர் இறந்துவிட, மிச்சமிருந்த 215 பேரையும் 2011-ல் தர்மபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அசல் கடத்தல்காரர்களையும் பெரிய புள்ளிகளையும் காப்பாற்றவே இந்த நாடகம் நடத்தப்பட்டது என்ற அர்த்தத்தில் நீதிபதி எழுதியதுதான் அந்தத் தீர்ப்பில் எனக்கு முக்கியம்.

இப்படிப்பட்ட அரசை எதிர்த்து ஒருவர் துப்பாக்கி தூக்கி ஏறக்குறைய இருபது வருடம் பிடிபடாமல் இருந்தால், அடிபட்ட சனத்துக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் வரத்தான் செய்யும். அந்தச் சந்தோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஊரில் ஒருவர் அப்படிச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். அவர் முதுகில் தழும்பு இருக்கலாம். ஆனால் அந்த ஊர்ப்பக்கமே போகாமல், மேடையில் மைக் பிடித்து "மாவீரன்" என்கிறவர்களும், சாதிப் பெருமைக்காக அவர் படம் போட்ட பேனர் கட்டுகிறவர்களும் வேறு ரகம். அவர்களுக்கு ஒர்க்‌ஷாப்பில் அடிபட்டவர் பெயர் ஒன்றுகூடத் தெரியாது. வீரப்பனைக் கொண்டாடுவது, அவரால் அடிபட்ட மக்களை மறக்க ரொம்ப வசதியான வழி. அரசாங்கமும் இதில் சளைத்ததல்ல. கோபிநத்தத்தில் கர்நாடகச் சுற்றுலாத் துறையின் காட்டு முகாம் வந்தது. அவர் திரிந்த காடு என்பதுதான் அதன் கவர்ச்சியே.

இன்னொன்றும் சொல்ல ஆசை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரம்தான் தமிழ்நாட்டிலேயே நடுகல் அதிகம் கிடைத்த பகுதி. மாடு கவரப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு, கவர்ந்த மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு. எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில், கோவிவன் என்ற நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நாயின் பெயரைக்கூட விடாமல் கல்லில் வெட்டிய சனம் நாம். மேட்டூர் அருகே மூலக்காட்டில் இருக்கும் வீரப்பன் சமாதிக்கு வருடா வருடம் கூட்டம் போகிறது. பாலாற்றில் சிதறிப்போன வாட்சர்களின் பெயரைக் கேட்டால் யாருக்கும் வாயில் வராது. அவரை எப்படி நினைவில் வைப்பது என்று கேட்பவர்களிடம், முதலில் இவர்களை நினைவில் வைத்திருக்கிறீர்களா என்றுதான் திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது.

கடைசியாக, வீரப்பன் கதையில் யாரும் தொடாத இடம் ஒன்று உண்டு. டன் கணக்கில் சந்தனமும் தந்தமும் காட்டை விட்டு லாரியில்தான் போயிருக்க முடியும். லாரி செக்போஸ்ட்டைத் தாண்டியிருக்க வேண்டும். வாங்க ஒரு வியாபாரி, விலை பேச ஒரு தரகர், கண்டுகொள்ளாமல் இருக்க அதிகாரி, அவருக்கு மேல் ஓர் அரசியல்வாதி. இவர்களில் வெளியே தெரிந்த பெயர் எத்தனை? 2004 அக்டோபர் 18 இரவு, பாப்பாரப்பட்டி அருகே பாடி கிராமத்தில், கண் சிகிச்சைக்கு என்று நம்பி ஆம்புலன்ஸில் ஏறி வந்தவரையும் மூன்று கூட்டாளிகளையும் அதிரடிப்படை சுட்டுக் கொன்றது. உயிரோடு பிடித்துக் கூண்டில் ஏற்றியிருந்தால் தண்டனை உறுதியாகியிருக்கும். வீரன் வேஷமும் விசாரணையில் கலைந்திருக்கும். "சரக்கை யாரிடம் கொடுத்தீர்கள், பணம் யார் கையில் வந்தது?" என்று அரசு வக்கீல் ஒருவராவது கேட்டிருப்பார். அந்தக் கேள்வி எந்த நீதிமன்றத்திலும் அவரிடம் கேட்கப்படவே இல்லை.